ஆப்ல வக்கீல் பிடிச்சு 45 ஆயிரம் போச்சு. மாற்றுத்திறனாளி வேலை கேஸ் இருக்கவங்க படிங்க

வீட்டுக்காரர் அரசு வண்டி ஓட்டுறவர். சர்க்கரையில வலது கால் முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு. மெடிக்கல் லீவு, ஈட்டிய விடுப்பு எல்லாம் தீர்ந்ததும் 'மருத்துவத் தகுதி இல்லை, ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது'ன்னு கடுதாசி வந்துச்சு. வக்கீல் பிடிச்சுக் கொடுக்கிற ஆப் ஒண்ணுல 'லீவு, மாற்றுத்திறனாளி வேலை உரிமை ஸ்பெஷலிஸ்ட்'னு ஒருத்தர் இருந்தார். ஆப் பேரும் அவர் பேரும் போடல. எங்க கேஸ் கட்டு இன்னும் அவர் கையில இருக்கு.

எதை நம்பி விழுந்தோம்னு சொல்றேன். முதல் வீடியோ கால்லயே, "அக்கா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20, உட்பிரிவு 4. சர்வீஸ்ல இருக்கும்போது ஊனம் வந்தா அரசு நிறுவனம் வேலையை விட்டு எடுக்கவே முடியாது. அதே சம்பளத்துல வேற வேலை தரணும். வேலை இல்லைன்னா, வர்ற வரைக்கும் கூடுதல் பணியிடம் போட்டாவது வச்சுக்கணும்"னு எதையும் பார்க்காம கடகடன்னு சொன்னார். காலைக் காட்டச் சொல்லல. சர்டிஃபிகேட்ல எத்தனை சதவீதம்னு மட்டும் கேட்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரர் அன்னைக்குத்தான் வாய்விட்டுப் பேசினார். சட்டம் அவர் சொன்னபடியேதான் இருக்கு, அதுதான் வயித்தெரிச்சல்.

டிபார்ட்மென்டுக்கு அனுப்புற நோட்டீஸுக்கு 10, ஹைகோர்ட்ல போடுற ரிட் மனுவுக்கு 35. மொத்தம் 45,000, வளையலை அடகு வச்ச காசு.

சண்டை போட்டு வாங்கின நோட்டீஸ் காப்பியைப் பார்த்தா, 1995 சட்டம் பிரிவு 47-னு போட்டிருக்கு. 2016 சட்டம் வந்ததும் ரத்தான சட்டம் அது! ரெண்டாம் பக்கத்துல 'எமது கட்சிக்காரர் தமது 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து...'ன்னு ஓடுது. கால் போன மனுஷனுக்கு மகப்பேறு விடுப்பாம். யாரோ ஒரு பொண்ணோட நோட்டீஸ்ல பேரை மட்டும் மாத்தியிருக்காங்க, அதுக்குப் பத்தாயிரம்.

கேட்டா "சார் கோர்ட்ல இருக்கார்." அப்புறம் "ஃபைல் பண்ணியாச்சு, எஸ்.ஆர். நம்பர் (மனு போட்டதும் கோர்ட்ல தர்ற நம்பர்) வரல." அப்புறம் "லீவு முடிஞ்சு கோர்ட் திறக்கட்டும்." ஹைகோர்ட் மதுரைக் கிளையில தெரிஞ்ச குமாஸ்தாவை விட்டுப் பார்த்தா எங்க பேர்ல ஒரு மனுவும் இல்லை. ஆப்காரங்க "நாங்க அறிமுகம் மட்டும்தான் மேடம்"னு கழண்டுக்கிட்டாங்க. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்னேன், சிரிக்கிறாங்க. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துல வராதுன்னு 2024 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சாம், விசாரிச்சேன், நிஜம்தான். இப்ப கட்டைத் திருப்பிக் கொடுக்க "பேலன்ஸ் ஃபீஸ்" கேக்கிறார். 45,000 வாங்கிட்டு! ஃபீஸைக் காட்டிக் கட்டைப் பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லைன்னு 2000-லயே தீர்ப்பு இருக்கு.

என்னென்ன பண்ணணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல ஓடல. கேஸ் போட்டாச்சுன்னு சொன்னா நம்பர் கேளுங்க, ஈகோர்ட்ஸ்ங்கிற கோர்ட் வெப்சைட்ல நீங்களே பாருங்க. ஒரிஜினல் எதையும் கொடுக்காதீங்க. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, போன் 15100. மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு வக்கீல் இல்லாமலே மனு போடலாம். நான் வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கிற பார் கவுன்சில்ல, வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35-ல புகார் எழுதிக்கிட்டிருக்கேன்.

மதுரைப் பக்கம் சர்வீஸ் கேஸ் பார்க்கிற, நேர்ல போய் உட்காரக்கூடிய ஆபீஸ் உள்ள வக்கீல் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. கடுதாசிக்குப் பதில் கொடுக்கிற கெடு இந்த வாரம் முடியுது.