அப்சிடியன் எந்த எரிமலையில் பிறந்தது? கண், நியூட்ரான், எக்ஸ்-கதிர், லேசர்

கிரேக்கத்தின் ஃபிரான்க்தி குகையில், பழைய கற்காலத்தின் கடைசி அடுக்குகளிலேயே மெலோஸ் தீவின் அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி கிடைத்திருக்கிறது. நடுவில் கடல். ஆக, அந்தப் பக்கத்தில் வேளாண்மை தொடங்கும் முன்பே யாரோ கடல் தாண்டிப் போய்வந்திருக்கிறார்கள். படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்காமலே இதைச் சொல்ல முடிகிறது. கறுப்புக் கண்ணாடிச் சில்லு எந்த எரிமலையுடையது என்று கண்டுபிடிக்க முடிவதால்தான் இது சாத்தியம்.

எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே. சிலிக்கா மிகுந்த எரிமலைக் குழம்பு, படிகம் கட்ட நேரமில்லாமல் உறைந்தால் அப்சிடியன். சிலிக்கா எல்லா அப்சிடியனிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் அதை அளந்து பயனில்லை. பத்து லட்சத்தில் சில நூறு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவாக இருக்கும் ருபிடியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம், பேரியம் போன்றவைதான் பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 1964-இல் புவியியலாளர் கானும் தொல்லியலாளர் காலின் ரென்ஃப்ரூவும் மத்தியதரைக்கடல் பகுதி அப்சிடியனை நிறமாலை முறையில் ஆராய்ந்து இந்த வழியைத் திறந்துவைத்தார்கள்.

முதலில் வெறும் கண். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. மெக்ஸிகோவின் பச்சூகா அப்சிடியனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பொன் கலந்த பச்சை தெரியும். ஆயிரக்கணக்கான சில்லுகள் குவிந்த மாயா ஊர்களில், பழகிய கண் செய்யும் முதல் பிரிப்பு பெரிய உதவி. ஆனால் சாம்பல், கறுப்பு வகைகளில் கண்ணை மட்டும் நம்பினால் தவறிவிடும்.

நியூட்ரான் முறையில் சில்லின் துணுக்கை அணு உலைக்குள் வைக்கிறார்கள். நியூட்ரானை விழுங்கிய அணுக்கள் கதிரியக்கம் பெற்று, தனிமத்துக்குத் தனிமம் வேறுபட்ட ஆற்றலில் காமா கதிர் விடும். மாங்கனீசு போன்றவை சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். சீசியம், ஸ்காண்டியம் போன்றவற்றை அளக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோவில் கிடைத்த, ஹோப்வெல் என்ற பழைய பூர்வகுடிப் பண்பாட்டின் அப்சிடியனில் பெரும்பகுதி, 2000 கி.மீ.க்கும் அப்பால் யெல்லோஸ்டோனிலிருந்து வந்தது என்று 1960-களில் காட்டியது இந்த முறைதான். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் உலை வேண்டும், பொருளிலிருந்து துணுக்கு வெட்ட வேண்டும், அந்தத் துணுக்கு கதிரியக்கத்தோடு கிடக்கும். அருங்காட்சியகக் காப்பாளர் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது.

எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கைக்கருவியின் சிறு ஜன்னல்மேல் சில்லை வைத்தால், பாயும் எக்ஸ்-கதிர் பட்டு ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய ஆற்றலில் எக்ஸ்-கதிர் விடும்; ஓரிரண்டு நிமிடத்தில் திரையில் ருபிடியம், ஸ்ட்ரான்சியம், இட்ரியம், சிர்கோனியம், நியோபியம் என்று முகடுகள் வரிசையாக எழும். எரிமலைகளைப் பிரிக்க மிகவும் உதவுபவை இவைதான். பொருளில் கீறல்கூட விழாது. ஒரு தளத்தின் முழுச் சேகரிப்பையும் அளக்கலாம் என்பதால் என் ஓட்டு இதற்குத்தான். 20 சில்லை மிகத் துல்லியமாக அளப்பதைவிட 2000 சில்லைப் போதுமான துல்லியத்தில் அளந்தால்தான், அரிதாக வந்த ஒரு தூரத்துக் கல் கண்ணில் படும்.

சரி, சில்லு மெல்லியதாக இருந்தால்? ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் எக்ஸ்-கதிர் ஊடுருவிப் போய்விடும், அளவுகள் குறைத்துக் காட்டும். எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தாலாவது பரவாயில்லை. ஆற்றல் கூடிய எக்ஸ்-கதிர் விடும் சிர்கோனியம் ருபிடியத்தைவிட அதிகம் குறையும். கவனிக்காமல் விட்டால் தப்பான எரிமலையின் பெயர் எழுதப்பட்டுவிடும். அங்கேதான் லேசர் வேண்டும். தலைமுடி அகலத்துக்கு ஒரு குழி பொசுக்கி, எழும் ஆவியை, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் நிறைமாலைமானிக்கு அனுப்பினால் பல பத்துத் தனிமங்கள் தெரிந்துவிடும். ஆனால் ஆய்வகம் வேண்டும், கருவி விலை கூடியது.

இனி சிக்கலான இடம்: கிழக்குத் துருக்கியின் நெம்ரூத் எரிமலை அப்சிடியனும் பிங்கோல் பகுதியின் ‘ஏ’ வகை அப்சிடியனும். நடுவில் சுமார் 150 கி.மீ. இருந்தும் வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பவை. ஆய்வறிக்கைகளில் பல காலம் இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக எழுதினார்கள். இங்கே கருவியை மாற்றுவதற்கு முன் நான் கேட்பது, ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிக் கற்கள் மலையின் எந்தெந்தப் பக்கத்தில் எடுத்தவை என்பதைத்தான். நெம்ரூத்திலேயே பல அப்சிடியன் பாய்வுகள், அதாவது குழம்பு ஓடி உறைந்த இடங்கள், உண்டு. ஒரே ஒரு பாய்வின் கல்லை வைத்துக்கொண்டு லேசரில் அளந்தாலும், அடுத்த பாய்விலிருந்து வந்த சில்லு யாருக்கும் சேராமல் தனியே நிற்கும்.