ஸ்டீபன் சர்ச்சின் பின்மேடு

என் அப்பா குன்னூரில் கல்லறைக் கல்லுக்கு எழுத்து வெட்டியவர். அதனாலோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்க்காமல் எனக்குத் திரும்பத் தோன்றாது. போன ஐப்பசியில் தம்பி மகளைக் கூட்டிக்கொண்டு ஊட்டி ஸ்டீபன் சர்ச்சுக்குப் போனேன்.

வாடகைக் கார் டிரைவர், "பத்து நிமிஷம் போதும்க்கா, சலிவன் துரை இங்கதான் படுத்திருக்காரு, பாத்துட்டு வந்துடுங்க" என்றார். அது தவறு. ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சலிவன் 1855இல் இங்கிலாந்தில் இறந்தார். இங்கே இருப்பது அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் மகளும். இருவரையும் இந்த மேட்டில் விட்டுவிட்டுத்தான் அவர் கப்பல் ஏறினார். இதைச் சொன்னதும் தம்பி மகள், "அப்போ அவங்களைத்தான் முதல்ல பார்க்கணும் அத்தை" என்றாள்.

ஆலயம் அழகுதான். 1829இல் அடிக்கல் நாட்டி, 1831இல் மக்களுக்குத் திறந்தார்கள். கட்டியவர் கேப்டன் அண்டர்வுட். கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. அவ்வளவு கனமான மரத்தை அந்தக் காலத்து மலைப்பாதையில் எப்படி ஏற்றினார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையும் பாருங்கள். ஆனால் முன்பக்கம் போட்டோ எடுத்துவிட்டு எல்லோரும் வண்டி ஏறிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பின்னால் இருக்கிறது.

சரிவு முழுக்கக் கல்லறைகள். புல்லுக்குள் சாய்ந்தவை, சிலுவை முறிந்தவை, மரவேர் தூக்கிவிட்டவை என்று எல்லாம் உண்டு. மழைக்கு அப்புறம் பாசி வழுக்கும். செருப்போடு ஏறாதீர்கள், ஷூ போடுங்கள். சில பளிங்குக் கற்களில் எழுத்தை வெட்டி, பள்ளத்தில் ஈயம் அடித்து நிரப்பியிருக்கிறார்கள். ஈயம் உதிர்ந்த இடத்தில் அதைப் பிடித்து வைக்கப் போட்ட சின்னத் துளைகள் மட்டும் தெரிகின்றன. பளிங்கு மழையில் கரையும், கருங்கல் நிற்கும் என்று அப்பா சொல்வார். அது உண்மைதான் என்பதை இந்த மேட்டில் கண்ணால் பார்த்தேன்.

எத்தனை சின்னக் குழந்தைகள்! வயதை வருஷத்தில் சொல்லாமல் மாதத்தில் சொல்லும் கற்கள். உடம்பு தேறும் என்று கீழே சமவெளியிலிருந்து மலைக்குக் கொண்டுவந்த பிள்ளைகளும் இதில் இருப்பார்கள். அந்த வரிசையில் எனக்குக் கால் நகரவில்லை.

சுற்றுவட்டாரம் நடக்க ஏற்றது. கலெக்டர் ஆபீஸ் பக்கமாக இறங்கினால் கமர்ஷியல் ரோடு, அப்படியே சேரிங் கிராஸ். சனி, ஞாயிறில் ஹாரன் சத்தம் தாங்காது, வாரநாளில் போங்கள். நாங்கள் ஒரு டீக்கடையில் சூடான வர்க்கி தின்றுவிட்டு, ஏரிப் பக்கம் இருக்கும் தாமஸ் சர்ச்சுக்கும் போனோம். விவேகானந்தரின் சொற்பொழிவுகளைச் சுருக்கெழுத்தில் எழுதிவைத்த குட்வின் 1898இல் ஊட்டியில் இறந்தார். அவர் கல்லறை அங்கே இருக்கிறது. அந்தப் பேச்சுகள் நமக்குக் கிடைக்கக் காரணமான கை அது. எங்களைத் தவிர அங்கு யாரும் இல்லை.

ஸ்டீபன் சர்ச்சுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போது தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். மத்தியான வெயிலில் அதே கல் வெறும் பலகைபோலத் தெரியும். தயவுசெய்து சாவியாலோ கத்தியாலோ பாசியைச் சுரண்டாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போதும். தம்பி மகள் ஒரு சின்னக் கல்லின்மேல் பாட்டிலைச் சாய்த்தாள். பெயர் வரவில்லை. மாதக் கணக்கு மட்டும் ஈரத்தில் தெரிந்தது, காய்ந்ததும் மறைந்தது. அவள் இன்னொரு தடவை ஊற்றினாள்.