அவுட்போர்டு சூடாகிறது: இம்பெல்லர் மாற்றுவதா, ஆசிட் விடுவதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதா?

ஃபைபர் படகின் பின்புறம் மாட்டும் இன்ஜினான அவுட்போர்டில் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டால் கரையில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இம்பெல்லர், அதாவது தண்ணீரை ஏற்றும் பம்ப்பின் ரப்பர் சக்கரம், போய்விட்டது என்பார் ஒருவர். உப்பு கட்டியிருக்கிறது, ஆசிட் விட்டால் சரியாகும் என்பார் இன்னொருவர். சூடேறினால் திறந்து தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டு என்பார் மூன்றாமவர். மூன்றும் பலித்த யோசனைகள்தான். ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றும் தண்ணீர்ப் பாதையின் வெவ்வேறு இடத்துக் கோளாறைத் தீர்ப்பது. இடம் தெரியாமல் செய்தால் காசும் போகும், சூடும் குறையாது. 9.9 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான, கடல்நீரையே நேராக உறிஞ்சிக் குளிரும் அவுட்போர்டுகளுக்கான ஒப்பீடு இது. காற்றால் குளிரும் லாங் டெயில் டீசல் இன்ஜின்களுக்குப் பொருந்தாது.

பீய்ச்சும் தண்ணீர் எதைச் சொல்கிறது

அந்தத் துவாரத்தில் வருவது இன்ஜினைக் குளிர்விக்கும் மொத்தத் தண்ணீர் அல்ல. பாதையிலிருந்து பிரித்துவிட்ட ஒரு சிறு பங்கு. பல இன்ஜின்களில் அது தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். ஆகவே பலமாகப் பீய்ச்சினால் பம்ப் வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம். ஹெட், அதாவது சிலிண்டரின் மேல்மூடி, குளிர்கிறது என்று அர்த்தமில்லை. மெலிந்து வந்தாலும் பம்ப் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அந்தத் துவாரமே அடைத்திருக்கலாம். கனமான தங்கூசி நரம்பை வெட்டி உள்ளே விட்டுக் குத்திப் பாருங்கள். மணலோ உப்புத் துணுக்கோ வெளியேறித் தண்ணீர் பெருகினால் வேலை அங்கேயே முடிந்தது. சில வாரம் கரையில் ஏற்றிவைத்த இன்ஜினில் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு.

அடுத்து உறிஞ்சும் சல்லடை. பாக் நீரிணை போன்ற ஆழம் குறைந்த இடங்களில் சேறும் கடற்புல்லும், எல்லாக் கரையிலும் பாலித்தீன் பையும் இதை மூடும். சொறிமீன் (ஜெல்லி மீன்) பருவத்தில் கேட்கவே வேண்டாம். கல்பாக்கம் அணுமின் நிலையம் கடல்நீர் எடுக்கும் இடத்திலேயே சொறிமீன் வந்து சேர்ந்து தொல்லை கொடுத்திருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டுத் தூக்கிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

இன்ஜின் மாட்டிய உயரத்தையும் பாருங்கள். காற்றாடிக்கு (புரொபெல்லர்) மேலே இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ 25 மி.மீ. வரை கீழாகவோ இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தாலோ, வலைப் பாரம் முழுக்க முன்னால் இருந்து பின்பக்கம் எழும்பினாலோ சல்லடை காற்றை உறிஞ்சும். அலையில் மட்டும் சூடேறி, கரையோர அமைதியில் சரியாக இருக்கும் இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையா? அப்போதுதான் ஸ்பேனர்.

யார் குற்றவாளி என்று சொல்லும் ஹோஸ் சோதனை

பெரும்பாலோர் தாண்டிப்போகும் படி இது. கியர்கேஸை, அதாவது காற்றாடியும் பம்ப்பும் இருக்கும் அடிப்பகுதியை, இறக்கிவிட்டால் மேலிருந்து தண்ணீர்க் குழாயின் கீழ்முனை தொங்கிக்கொண்டு நிற்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, மூடியைத் திறந்தே வையுங்கள். அந்தக் குழாயில் ஒரு தோட்டக் குழாயைப் பொருத்தி நல்லதண்ணீரைத் திறந்து விடுங்கள். தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில் தண்ணீர் தாராளமாகக் கொப்பளித்தால் மேல்பாதை சுத்தம், குற்றவாளி பம்ப். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதை அடைத்திருக்கிறது. புது இம்பெல்லர் போட்டும் பயனில்லை. தண்ணீர் தாராளமாக வருகிறது, பம்ப்பும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஹெட் கொதிக்கிறது என்றால் மூன்றாவது ஆள் தெர்மோஸ்டாட். அல்லது சூட்டுக்குக் காரணம் தண்ணீரே அல்ல: கார்புரேட்டர் மெலிந்த கலவை கொடுக்கலாம், டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் கலவை குறைந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் வெடித்திருக்கலாம். பீய்ச்சும் தண்ணீரோடு குமிழியும் புகையும் துப்பித் துப்பி வந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

இம்பெல்லர் மட்டுமா, முழு கிட்டா?

பம்ப்தான் என்று தெரிந்த பிறகு வரும் கேள்வி இது. இம்பெல்லர் மட்டும் மலிவு. கிட்டில் இம்பெல்லரோடு அதை ஷாஃப்டோடு பூட்டும் சாவி, அடித்தட்டு, உள்கிண்ணம், கேஸ்கெட், ஓ-ரிங் வரும். மாடலைப் பொறுத்து ஹவுசிங்கும் (பம்ப்பின் கூடு) சேர்ந்திருக்கும்.

தீர்ப்பை அடித்தட்டு சொல்லிவிடும். ஸ்டெயின்லெஸ் தட்டைத் துடைத்து, அதன்மேல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தடுக்கும் அளவுக்கு வட்டக் கோடு விழுந்திருந்தால் கிட் வாங்குவதே சரி. சேற்றிலும் மணலிலும் ஓடும் படகில் அப்படித்தான் இருக்கும். கோடு விழுந்த தட்டில் புது இம்பெல்லரைப் போட்டால் இறக்கையின் விளிம்பு வழியாகத் தண்ணீர் திரும்பிக் கசியும். ஐடிலில் (வேகம் கொடுக்காமல் சும்மா ஓடும்போது) பீய்ச்சல் மெலிந்தே இருக்கும், புது ரப்பரும் சீக்கிரம் தேயும். கிண்ணத்தின் உட்புறம் உருகி மினுமினுத்தால், பம்ப் எப்போதோ தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. அதற்கும் கிட்தான். ஆழமான, தெளிந்த தண்ணீரில் ஓடி, தட்டு வழவழப்பாகவே இருந்தால் இம்பெல்லரும் கேஸ்கெட்டும் போதும்.

பழைய இம்பெல்லரைத் தூக்கி எறியும் முன் நன்றாகப் பாருங்கள். வெளியே எடுத்த பிறகும் இறக்கைகள் ஒரே பக்கம் சாய்ந்தபடி நின்றால் ரப்பர் செத்துவிட்டது. ஒவ்வோர் இறக்கையையும் வளைத்து, அடிப்பகுதியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இறக்கை ஒடிந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே என்று தேடியாக வேண்டும். அது மேலே போய்க் குழாயிலோ தெர்மோஸ்டாட் அருகிலோ உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோளாறும் உண்டு. நடுவிலுள்ள உலோகக் குழலிலிருந்து ரப்பர் ஒட்டு விட்டுப்போயிருக்கும். இறக்கைகள் புதிதுபோலவே இருக்கும். ஐடிலில் தண்ணீர் வரும், வேகம் கொடுத்தால் குழல் மட்டும் வழுக்கிச் சுற்றும். ரப்பரைக் கையால் இறுக்கிப் பிடித்துக் குழலைத் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெட்டியில் பல வருடம் கிடந்த பாகத்திலும் மலிவான டூப்ளிகேட்டிலும் இதைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

மாட்டும்போது சாவியை டிரைவ் ஷாஃப்டின் பள்ளத்தில் துளி கிரீஸ் வைத்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நழுவி விழும். இறக்கைகளில் சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ தடவி, ஷாஃப்டை மேலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றாகத் திருகிக்கொண்டே ஹவுசிங்கை இறக்கினால் இறக்கைகள் தாமாகவே சரியான பக்கம் மடியும். ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் வேண்டும். உச்சி முகத்தில் வேண்டாம், கிரீஸ் மொந்தையாக இருந்தால் ஷாஃப்ட் முழுதாக உட்காராது.

கியர்கேஸை மேலேற்றும்போது தண்ணீர்க் குழாய் பம்ப்பின் ரப்பர் வளையத்துக்குள் இறங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது ஓரமாக மடங்கிவிட்டால், புது பம்ப் தரும் தண்ணீரில் பாதி நடுக்குழலுக்குள் கொட்டிப் போகும். "புது கிட் போட்டும் தண்ணீர் வரவில்லை" என்று வரும் புகார்களில் இது அடிக்கடி வருவது. பழி பாகத்தின் மேல் விழும். போல்ட்டுகளில் மரைன் கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த முறை உடையாமல் கழலும்.

அடைப்பு என்றால்: நல்லதண்ணீர், வினிகர், ஆசிட், ஹெட்டைத் திறப்பது

இன்ஜினுக்குள் கட்டியிருப்பது எல்லாம் உப்பு என்று நினைப்பதால்தான் தவறான மருந்து கைக்கு வருகிறது. உள்ளே மூன்று சாமான்கள் இருக்கும். ஒன்று, காய்ந்த சாதா உப்பு, நல்லதண்ணீரிலேயே கரையும். இரண்டு, சுண்ணாம்புப் படிவம். சூடு ஏற ஏறக் கடல்நீரிலிருந்து பிரிந்து சுவரில் ஒட்டுவது, புளிப்புக்கு மட்டும் கரையும். மூன்று, அலுமினியம் அரித்து உண்டான வெள்ளை மாவு. இதுதான் பழைய இன்ஜின்களில் அதிகம். அலுமினியத்தைத் தொடாமல் அந்த மாவை மட்டும் கரைக்கும் மருந்து கரையில் எளிதாகக் கிடைக்காது.

நல்லதண்ணீர்க் கழுவல் செலவில்லாதது, ஆபத்தில்லாதது. ஆனால் குளிர்ந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால் தண்ணீர் ஹெட்டுக்குள் சரியாக ஓடாது. டிரம்மில் காற்றாடிக்கு மேலுள்ள தட்டு மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, காற்றாடியைக் கழற்றிவிட்டு, ஐடிலில் 10 நிமிடம் ஓட்டினால்தான் தெர்மோஸ்டாட் திறந்து கழுவல் முழுமையாகும். மணலுக்கும் ரப்பர்த் துண்டுக்கும் தலைகீழ்க் கழுவல் மேல்: கியர்கேஸ் இறங்கியிருக்கும்போதே தெர்மோஸ்டாட் துவாரம் வழியாக ஹோஸை வைத்துக் கீழ்நோக்கித் தள்ளினால், அடைப்பு வந்த வழியே வெளியேறும்.

சுண்ணாம்புக்கு வினிகரோ சிட்ரிக் ஆசிட் தூளோ. வெள்ளை வினிகரில் புளிப்பு 5 சதவீதம் அளவுதான். சம அளவு தண்ணீர் கலந்தால் வேலை மெதுவாக, பத்திரமாக நடக்கும். சிட்ரிக் ஆசிட் என்றால் லிட்டருக்கு 50 கிராம், 20 லிட்டர் வாளிக்கு 1 கிலோ. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் வேகம் கூடும். இன்ஜினை ஓட்டி இதை உறிஞ்ச வைக்க வேண்டாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, 12 வோல்ட் சிறு பம்ப் ஒன்றால் வாளியிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குள் ஏற்றி, வழிவதை வாளிக்கே திருப்புங்கள். முதலில் நுரை வரும். நுரை அடங்கினால் சுண்ணாம்பு தீர்ந்தது என்றோ, கரைசல் தீர்ந்தது என்றோ அர்த்தம். புதுக் கரைசல் ஊற்றினால் எது என்று தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள். இந்தப் புளிப்பும் மெதுவாக அலுமினியத்தைத் தின்னும். பிறகு நல்லதண்ணீரால் 10 நிமிடம் கழுவ வேண்டும்.

கழிவறை கழுவும் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக், வேகத்தில் இவை எல்லாவற்றையும் தோற்கடிக்கும். சில நிமிடத்தில் பாதை திறந்து தண்ணீர் பாயும். அதனால்தான் அதற்கு இவ்வளவு நல்ல பெயர். ஆனால் அது சுண்ணாம்பையும் அலுமினியத்தையும் வேறு பிரித்துப் பார்க்காது. பொங்கும் நுரையில் ஒரு பங்கு, உலோகம் கரைவதால் வரும் ஹைட்ரஜனாக இருக்கும். பக்கத்தில் பீடி பற்றவைத்தால் தீப்பிடிக்கும். ஏற்கெனவே அரித்து மெலிந்த சுவர் இருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும் ஓட்டை விழும். துருப்பிடித்து இறுகிய ஹெட் போல்ட்டை ஆசிட் தளர்த்தவும் செய்யாது. அலுமினிய இன்ஜினுக்கு இதை ஒரு தேர்வாகவே வைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. நீர்த்த ஆசிட் பரவாயில்லை என்பவர்கள் உண்டு, எவ்வளவு நீர்த்தாலும் எங்கே தின்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது.

வெள்ளை மாவுக்கு ஒரே வழி ஹெட்டைத் திறப்பது. இதில் உள்ள பயம் நியாயமானது: போல்ட் உடையும். முந்தின நாளே ஊடுருவும் ஆயில் விட்டு, கழற்றும்போது போல்ட்டைச் சுற்றிச் சூடேற்றி, இறுக்கவும் தளர்த்தவுமாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். மாவை மரக்குச்சியாலும் நைலான் பிரஷ்ஷாலும் சுரண்டுங்கள். இரும்பு உளி கேஸ்கெட் உட்காரும் முகத்தைக் கீறிவிடும். உள்ளே, அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு இன்ஜினைக் காக்கும் துத்தநாகத் தண்டு இருந்தால் பாதி கரைந்திருந்தாலே மாற்றுங்கள். அதற்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது. நேர்த்தகடு வைத்து ஹெட் வளைவைப் பாருங்கள். சிறு இன்ஜின்களில் பொதுவாக 0.1 மி.மீ. வரைதான் அனுமதி. கூடுதலாக இருந்தால் கண்ணாடித் தட்டின்மேல் எம்ரி தாள் ஒட்டி எட்டுப் போட்டுத் தேய்க்கலாம். கேஸ்கெட் புதிதுதான். பழையதைத் திருப்பிப் போடும் சிக்கனம் மறுபடி ஹெட்டைத் திறக்க வைக்கும். நடுவிலிருந்து வெளியே, குறுக்காக, இரண்டு கட்டமாக டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்: மாற்றுவதா, இல்லாமல் ஓட்டுவதா?

கடல்நீர் அவுட்போர்டுகளில் இது 50 முதல் 60 டிகிரிக்குள் திறப்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு வேகமாகப் படியும் என்பதால் இந்த அளவு. காரில் இருக்கும் 80 டிகிரி பாகத்தை அளவு ஒத்துப்போகிறதே என்று இதில் பொருத்தக் கூடாது.

சோதிப்பது எளிது. நூலில் கட்டி ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். மேலே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறினால் முழுதாக மூட வேண்டும். திறக்காமல் ஒட்டிக்கொண்டதை வினிகரில் ஊறவைத்து மீட்க முடியும், ஆனால் மறுபடி ஒட்டும்.

கழற்றிவிட்டு ஓட்டுவது கடல் நடுவில் கரை சேர உதவும். அந்த அளவில் அது நல்ல யோசனை. நிரந்தரமாக விட்டால் இன்ஜின் குளிர்ந்தே ஓடும். டூ-ஸ்ட்ரோக்கில் பிளக் கறுக்கும், எரிபொருள் கூடும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் குறையாமல் ஏறுகிறது என்றால் அதுதான். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். சில மாடல்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் எளிய வழியைப் பிடித்துக்கொண்டு ஓடி, மேல் சிலிண்டரின் ஓரம் மட்டும் சுடும். பீய்ச்சல் அருமையாக இருக்கும்போதே ஒரு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பெட்டியில் ஓர் உபரி தெர்மோஸ்டாட்டையும் அதன் கேஸ்கெட்டையும் போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் ஐடிலில் ஒரு நிமிடம் பீய்ச்சுவதை வாளியில் பிடித்து, மட்டத்தில் கோடு போடுங்கள். அடுத்த தடவை தண்ணீர் குறைந்திருக்கிறதா என்ற வாக்குவாதத்துக்கு அந்தக் கோடு பதில் சொல்லும். ஹெட் சூட்டுக்கு அகச்சிவப்பு வெப்பமானி இல்லையென்றால், கைப்பிடித் தண்ணீரை ஹெட்டில் தெளியுங்கள். சத்தமில்லாமல் வழிந்தோடினால் ஹெட் கொதிநிலையைத் தாண்டவில்லை என்று மட்டும் அர்த்தம். சுர்ரென்று ஆவியானால் உடனே நிறுத்துங்கள். குளிர்ந்த கடல்நீரை வாளியோடு மேலே ஊற்றாமல் தானாக ஆற விடுங்கள், கொதிக்கும் ஹெட் அப்படித்தான் விரிசல் விடும்.