இறால் தலைத் தூளா, மீன் சைலேஜா, கணவாய் லிவரா: தீவனத்துக்கு எது கட்டுப்படியாகும்?

மீன், இறால் தீவனத்துல புரோட்டீனுக்காக சேர்க்குற ஃபிஷ் மீல் (மீனைக் காய வெச்சு அரைச்ச மாவு) விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துடும். 2023ல கடல் சூடாகுற எல் நினோவால, பெருல ஃபிஷ் மீலுக்காகப் பிடிக்குற நெத்திலியோட முதல் சீசனையே ரத்து பண்ணாங்க, உலகம் பூரா ரேட் எகிறுச்சு. நம்ம ஊரு சங்காயத்துல (சாப்பாட்டுக்கு விக்காத பொடி மீன் கழிசல்) அரைச்சதை வாங்கலாம்னா பாதி மூட்டை மணலும் உப்புமா இருக்கும். அப்போ மீன், இறாலை வெட்டி சுத்தம் பண்றப்ப வர்ற ப்ராசஸிங் கழிவை வெச்சு ஓட்டலாமான்னா, தாராளமா ஓட்டலாம், உலகத்துல தயாராகுற ஃபிஷ் மீல்லயே மூணுல ஒரு பங்கு கிட்ட இப்ப வெட்டுன கழிவுல இருந்துதான் வருது. ஆனா எல்லாக் கழிவும் ஒண்ணு கிடையாது.

முதல்ல இறால் தலை. இறால் உரிக்குற பீலிங் ஷெட்ல தலையும் ஓடும் சேர்ந்து கிட்டத்தட்ட பாதி எடை கழிவாப் போகுது, அதை காய வெச்சு அரைச்சு "புரோட்டீன் 40 சதவீதம்"னு எழுதி விக்கிறாங்க. அந்த 40ஐ அப்படியே நம்பிடாதீங்க. லேப்ல புரோட்டீனை நேரா அளக்குறது இல்ல, நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்குறாங்க, ஓட்டுல இருக்கற கைட்டின்லயும் நைட்ரஜன் இருக்கு, அதனால சுத்தமான கைட்டினை மட்டும் அனுப்புனாக்கூட 40க்கு மேல புரோட்டீன்னுதான் ரிப்போர்ட் வரும்! மீனுக்கு அதுல செரிக்கிறது கொஞ்சம்தான். மிச்சத்துல பெரும்பங்கு சுண்ணாம்பு. ஒரு சிட்டிகை தூளை வினிகர்ல போட்டுப் பாருங்க, நுரைச்சுக்கிட்டு வரும். ஒண்ணு ஒத்துக்கணும், வாசனைக்கு மீன் ஓடி வந்து தின்னும், அஸ்டாசாந்தின்னு ஒரு சிவப்பு நிறமி இருக்கறதால கலரும் ஏறும். அதனால இதை மசாலா மாதிரி கொஞ்சமா போடுங்க, சோத்துக்கு பதிலா போடாதீங்க.

மீன் தலை, குடல், செவுள் எல்லாம் வேற ரகம், என் ஓட்டு இதுக்குத்தான். அரைச்சு, 100 கிலோவுக்கு ஒரு 3 கிலோ ஃபார்மிக் ஆசிட் கலந்து (கிளவுஸ் போடாம தொடவே தொடாதீங்க), பிளாஸ்டிக் டிரம்ல ஊத்தி தினமும் கிளறிவிட்டா குடல்ல இருக்கற என்சைமே கறியைக் கரைச்சிடும், நம்ம வெயிலுக்கு சில நாள்லயே கூழாயிடும், இதுதான் சைலேஜ், பிஹெச் (புளிப்பு அளவு, குறைஞ்சா புளிப்பு அதிகம்) 4க்குக் கீழ இருக்கற வரைக்கும் அழுகாது. கெடாம வெக்கறதுக்காக காய வெக்க வேணாம், கரண்ட் செலவு இல்ல. இதுல இறால் தலையையும் சேர்த்துக் கொட்டிடலாம்னு சிலர் நினைப்பாங்க, வேணாம், அந்த சுண்ணாம்பே ஆசிட்டைக் குடிச்சிடும், பிஹெச் இறங்கவே இறங்காது.

குறைன்னு பார்த்தா தண்ணிதான். முக்கால்வாசி தண்ணி, 200 லிட்டர் டிரம் முழுக்க இருந்தாலும் உள்ள இருக்கற புரோட்டீன் ஒரு 50 கிலோ ஃபிஷ் மீல் மூட்டை அளவுதான், இதை லாரில ஏத்தி ஊர் ஊரா கொண்டு போனா டீசலுக்கே சரியாப் போயிடும். மத்தி சீசன்ல எண்ணெய் மேல மிதக்கும், அதை வழிச்சு எடுக்கலன்னா காறல் அடிச்சு மீன் தீவனத்தையே ஒதுக்கிடும். ரொம்ப நாள் விட்டா ஓவரா கரைஞ்சும் போகும், அப்ப அதைத் தின்னுற மீனோட வளர்ச்சி குறையும்.

கணவாய் லிவர் பவுடர் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, இறால் தீவனக் கம்பெனிங்க பல வருஷமா போடுறதுதான், வாசனையால இறாலை இழுக்குற சக்தி செம. ஆனா கணவாய் ஈரல்ல காட்மியம்ங்கற விஷ உலோகம் சேரும், டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம வாங்காதீங்க, விலையும் புரோட்டீனுக்காக வாங்குற விலை இல்ல.

நோய் விஷயம் தனி. இறாலுக்கு இறால் தலையைப் போடுறது இறாலைக் கொல்லுற வெள்ளைப்புள்ளி வைரஸை வீட்டுக்குக் கூப்பிடுற வேலை, வேக வெச்சோம்னு சொன்னாலும் எவ்வளவு சூட்டுல எவ்வளவு நேரம்னு கேளுங்க. ஐரோப்பாவுல பண்ணை மீனோட கழிவுல எடுத்த மாவை அதே இன மீனுக்கு தீவனமா போடவே கூடாதுன்னு சட்டம்.

ஜிலேபியோ கெளுத்தியோ வளர்க்குறீங்க, மீன் வெட்டுற மார்க்கெட் டிவிஎஸ்ல போய் வர்ற தூரம்னா சைலேஜ் போடுங்க, தவிடும் சோயா புண்ணாக்கும் கலந்து வெயில்ல காய வெச்சா ஃபிஷ் மீல்ல ஒரு பங்கைக் குறைக்கலாம். மார்க்கெட் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னா டிரம்மை மறந்துட்டு சோயாவையே கூடுதலா வாங்குங்க, வாசனைக்கு மட்டும் இறால் தலைத் தூள் கொஞ்சம். கொடுவாக்காரங்க மட்டும் இந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீங்க, அதுக்கு புரோட்டீன் அதிகம் வேணும், நல்ல ஃபிஷ் மீலை ரொம்பக் குறைச்சா வளர்ச்சியில தெரிஞ்சிடும்.