தூங்கிக்கொண்டிருந்தவருக்குப் பேச்சுப் பயிற்சி அளித்ததாக பில் போட்டார்கள்

தலையில் அடிபட்டுப் பிழைத்த ஒருவரைத் தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்க அலைந்துகொண்டிருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னைப் புறநகரில் புதிதாகத் திறக்கப்பட்ட ஒரு மையத்தில் என் கணவருக்கு நடந்தது இது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

இரு சக்கர வாகனத்தில் போனவரை வேன் இடித்தது. மூளையில் இரத்தக் கசிவு, அறுவை சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவு. அந்த மருத்துவமனை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. டிஸ்சார்ஜ் எழுதியபோது மூக்கில் உணவுக் குழாய் இருந்தது, இடது கையும் காலும் செயலிழந்திருந்தன. என்னை அடையாளம் தெரிந்தது, எந்த ஊரில் இருக்கிறோம் என்பது தெரியவில்லை. இனி பயிற்சிதான் மருந்து, முதல் சில மாதங்களை வீணாக்காதீர்கள் என்றார் மருத்துவர். அப்படிச் சொல்லக் கேட்ட குடும்பம் எந்த விலையையும் கொடுக்கும். இது மையங்களின் விற்பனைப் பிரிவுக்கு நன்றாகவே தெரியும்.

கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நடைப்பயிற்சிக்கு ரோபோ கருவி, நீர் சிகிச்சைக்குத் தொட்டி. தொட்டியில் ஒரு நாளும் தண்ணீர் பார்த்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினமும் மூன்று மணி நேரம் பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது), பேச்சுப் பயிற்சி என்று அச்சிட்ட தாளில் இருந்தது. காப்பீட்டில் பணத்தை வாங்கித் தருவதாக வாயால் சொன்னார்கள், எழுத்தில் தரவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டில் 'ஓய்வு சிகிச்சை, மறுவாழ்வு, இடைக்காலப் பராமரிப்பு' என்று ஒரு விலக்குப் பிரிவு உண்டு. எக்ஸ்க்ளூஷன் 05 என்ற எண்ணில் பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். தினமும் காப்பீட்டுத் தாள்களைக் கையாளும் அலுவலகத்துக்கு இது தெரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

பணம் போனதைவிடப் பெரிய அநியாயம் வார்டில் நடந்தது. மூளைக் காயத்திலிருந்து மீண்டு வருபவர்களில் பலருக்கு ஒரு கொந்தளிப்புக் கட்டம் வரும். குழாயைப் பிடுங்குவார்கள், கத்துவார்கள், கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார்கள், பெற்ற தாயையே அடிப்பார்கள். ராஞ்சோ லாஸ் அமிகோஸ் என்ற அளவுகோல் மீட்சியை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது. அதில் இது நான்காவது நிலை, அதாவது மூன்றாம் நிலையைத் தாண்டி முன்னேறியதன் அடையாளம். அந்த நேரத்தில் வேண்டியது அமைதியான அறை, குறைந்த வெளிச்சம், அடிக்கடி மாறாத முகங்கள், பக்கத்திலேயே ஓர் ஆள். ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். ஊசிக்கு அவ்வளவு செலவில்லை.

குடும்பத்தார் மாலை ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம் என்பது அங்கே விதி. பயிற்சியின்போது நாங்கள் இருந்தால் அவர் கவனம் சிதறுமாம். மாலையில் போனால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். "காலையிலிருந்து நன்றாக எக்சர்சைஸ் செய்தார் மேடம், களைப்பு" என்பார் சிஸ்டர். ஒரு நாள் போர்வையை விலக்கியபோது வலது கை துணிப்பட்டையால் கட்டில் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. புரட்டிப் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் மையத்தில் இவ்வளவு ஆழமான புண் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, அவருடைய தோல் மென்மையானது என்று பதில் வந்தது. நாற்பது வருடம் வெயிலில் அலைந்த மனிதரின் தோல்!

மருந்து அட்டையைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டேன். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், அதற்கு மேல் ஒரு தூக்க மருந்து, வேளை தவறாமல். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. தலைக்காயத்துக்குப் பின் இவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் மீட்சி தாமதப்படலாம் என்பதால் மிகுந்த தயக்கத்தோடுதான் பயன்படுத்துவார்களாம்.

பயிற்சிப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல் மாலை வரை அவரை ஆம்புலன்ஸில் வெளியே சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டுபோய் நானே உடன் இருந்தேன். ஸ்கேன் ரசீதில் நேரமும் இருக்கிறது. அதே நாளில் காலை பிசியோதெரபி, பிற்பகல் பேச்சுப் பயிற்சி, 'நோயாளி நன்கு ஒத்துழைத்தார்' என்ற குறிப்பு, கீழே கையெழுத்து. அன்றாட வேலைகளை நோயாளி எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று அளக்கும் பார்த்தெல் மதிப்பெண் தாள்கள் இன்னும் வேடிக்கை. சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது எனப் பத்து விஷயங்களுக்கு மொத்தம் நூறு மதிப்பெண். வாரம்தோறும் ஐந்து ஐந்தாக ஏறிக்கொண்டே வந்திருந்தது. மூக்குக் குழாயில் உணவு எடுப்பவர் தானாகச் சாப்பிடுவதாக மதிப்பெண் வாங்கியிருந்தார்.

அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மருந்துகளை மருத்துவர் மெல்ல மெல்லக் குறைத்தார். தூக்கம் தெளிந்ததும் பழையபடி கத்தினார், பிறகு பேச ஆரம்பித்தார். இப்போது வேறோர் இடத்தில் சாதாரண அறையில், ரோபோ எதுவும் இல்லாமல் பயிற்சி நடக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும் என்பதை அங்கேதான் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். பழைய இடத்தில் அட்டெண்டர்கள் அந்தக் கையைப் பிடித்துத்தான் தூக்கி உட்கார வைப்பார்கள்.

மையம் தேடும்போது கருவிகளைப் பார்த்து மயங்காதீர்கள். என் நோயாளிக்கு யார் பயிற்சி தருவார், அவர் முழுநேர ஊழியரா, வாரத்துக்கு எத்தனை நாள் வருவார் என்று பெயரோடு கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளரும் மருத்துவ உளவியலாளரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பயிற்சி நேரத்தில் குடும்பத்தாரை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும் இடத்துக்கு வேறு சோதனையே தேவையில்லை, திரும்பி வந்துவிடலாம். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் 1966இலேயே தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. கார் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் உருவாக்கியது அது. தனியாருக்கு முன் இங்கெல்லாம் ஒருமுறை விசாரியுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: சண்டைக்கு முன் ஆவணம். மருத்துவப் பதிவேடுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கேட்ட கடிதத்துக்கு ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். தனியார் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

எங்களுக்கு வந்த சமரசம் இது: முன்பணத்தில் பாதியைத் தருகிறார்களாம், 'சிகிச்சையில் எனக்குக் குறை ஏதும் இல்லை' என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடவில்லை.