"85% கைக்கு வரும்" என்று சொல்லும் அம்பர்லா கம்பெனியா? பிரிட்டன் கான்ட்ராக்டர்கள் கவனத்துக்கு

பிரிட்டனில் கான்ட்ராக்டில் இருக்கும் ஐ.டி.க்காரர்கள், ஏஜென்சி நர்ஸ்கள், லோக்கம் (தற்காலிக) டாக்டர்களுக்காக இந்தப் பதிவு. அம்பர்லா கம்பெனி என்றால், ஏஜென்சிக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று, உங்களைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் தரும் நிறுவனம். "பில் தொகையில் 85% கைக்கு வரும், எல்லாம் சட்டப்படிதான், பெரிய வக்கீலின் கருத்துரையே இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அது அநேகமாகச் சம்பளத்தைக் கடன் என்று காட்டி வரியைத் தவிர்க்கும் பழைய திட்டம்தான். பெயர்ப்பலகை மட்டும் புதுசு. வக்கீல் கருத்துரை திட்டத்தை விற்பவருக்கு எழுதிக் கொடுத்தது. அதை நம்பி ஏமாந்தால், அந்த வக்கீல் மேல் நீங்கள் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம்.

மாத பில் 8,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 பவுண்டைச் சம்பளமாகக் காட்டுவார்கள், அதற்கு வருமான வரி வராது. 1,200 திட்டத்தை நடத்துபவரின் கமிஷன். மீதி 5,800, வரி குறைவான ஐல் ஆஃப் மேன் தீவு மாதிரி ஓர் இடத்திலுள்ள ட்ரஸ்ட் (அறக்கட்டளை) வழியாகச் சுற்றிவந்து "கடன்" என்று உங்கள் கணக்கில் விழும். கடனுக்கு வரி இல்லை என்பார்கள். திருப்பிக் கேட்கவும் மாட்டோம் என்பார்கள். திருப்பித் தர வேண்டாத பணத்துக்குக் கடன் என்றா பேர்?

புதுச் சட்டம் வந்தால் தாங்குமா என்றால், இதுவரை தாங்கியதில்லை. ஐல் ஆஃப் மேன் கூட்டாண்மையையும் இரட்டை வரி ஒப்பந்தத்தையும் (ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்தில் வரி விழாமல் தடுப்பது) வைத்து ஓடிய திட்டத்தை 2008 நிதிச் சட்டத்தின் 58-வது பிரிவு முன்தேதியிட்டே அடித்தது. முன்தேதியிடுவது மனித உரிமை மீறல் என்று, அந்தத் திட்டத்தில் இருந்த ஹூயிட்சன் என்பவர் போட்ட வழக்கில் வாதாடிப் பார்த்தார்கள். 2011-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். கடன் திட்டங்களுக்கு எதிரான விதிகள் 2010 டிசம்பர் 9 அன்று அறிவிக்கப்பட்டன. 2017-இல் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கிளப் வழக்கில், வேலைக்கான ஊதியம் ட்ரஸ்டுக்குப் போனாலும் ஊதியமே என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிறகு வந்ததுதான் லோன் சார்ஜ், அதாவது இப்படிப்பட்ட கடன்கள் மேல் விதித்த வரி. 2019 ஏப்ரல் 5 அன்று பாக்கி நின்ற கடன் மொத்தமும் அந்த ஒரே வருட வருமானமாகக் கணக்கிடப்பட்டது. முதலில் 1999 வரை பின்னோக்கிப் போனது, அரசு கேட்டு மோர்ஸ் என்பவர் நடத்திய ஆய்வுக்குப் பிறகு 2010 டிசம்பர் 9-உடன் நிறுத்தினார்கள். வருடம் 60,000 வீதம் ஆறு வருடம் வாங்கியவருக்கு 3,60,000 பவுண்டு. வேறு வருமானமே இல்லாவிட்டாலும், 2018-19 விகிதப்படி வரி சுமார் 1,47,600. மூன்று வருடமாகப் பிரித்துக் காட்டினாலும் சுமார் 1,19,000 வரும். வாங்கிய கமிஷனை விற்றவர் திருப்பித் தரப்போவதில்லை.

இதில் பலரும் கவனிக்காத வில்லங்கம் ஒன்று உண்டு. லோன் சார்ஜ் கட்டினாலும் கடன் பத்திரம் செல்லுபடியாகவே இருக்கும். ட்ரஸ்ட் அந்தக் கடனை இன்னொருவருக்குக் கைமாற்றி, அவர் "அசலைக் கட்டு" என்று நோட்டீஸ் அனுப்பியதெல்லாம் நடந்திருக்கிறது.

"எங்களுக்கு டோட்டாஸ் எண் இருக்கிறது" என்பதில் மயங்க வேண்டாம். அது திட்டத்தைப் பற்றி வரித்துறைக்குத் தெரிவித்ததற்கான எண், அனுமதி அல்ல. அந்த எண் இருந்தாலே, வழக்கு முடிவதற்கு முன்பே 90 நாளில் பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரலாம்.

கையெழுத்துப் போடும் முன், ஏஜென்சி கட்டாயம் தர வேண்டிய முக்கியத் தகவல் தாளைக் (சம்பளம், பிடித்தம் விவரம் உள்ள தாள்) கேளுங்கள். பே ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகையும் வங்கியில் விழுந்ததும் கடைசி பென்னி வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு வரவு வந்தாலோ, "முன்பணம்", "கிரெடிட்", "ஆனுவிட்டி" என்று தலைப்பு இருந்தாலோ உடனே விலகுங்கள். வரித்துறை ஆப்பில் உங்கள் சம்பளம் எவ்வளவு என்று பதிவாகியிருக்கிறது, அது பில்லுக்குப் பக்கத்திலாவது வருகிறதா என்றும் பாருங்கள். 2026 ஏப்ரல் 6 முதல் அம்பர்லா கட்டாத வரிக்கு ஏஜென்சியும் பொறுப்பு. அதனால் ஏஜென்சிகள் கெடுபிடி காட்டும், ஆனால் அதை நம்பி நீங்கள் சோதிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் கடன் ஒப்பந்தம், பே ஸ்லிப், வங்கி ஸ்டேட்மென்ட், விற்றவர் அனுப்பிய மெயில் எதையும் அழிக்காதீர்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே சுயேச்சையான வரி ஆலோசகர் ஒருவரை வைத்து வரித்துறையிடம் நீங்களே பேசித் தவணை கேளுங்கள். "லோன் சார்ஜிலிருந்து தப்பிக்க வழி" என்று அதே ஆட்கள் வேறு பெயரில் இன்னொரு திட்டத்தோடு வருவார்கள். அதற்கும் கமிஷன் உண்டு.