இரண்டு நீளத் தழும்புகளும் நான்கு வருடங்களும்

திருநம்பியான எனக்கு மார்பைத் தட்டையாக்கும் அறுவை முடிந்து நான்கு வருடம் ஆகிறது. ஆறாவது மாதத்திலேயே இதை எழுத உட்கார்ந்தேன். நல்லவேளை, எழுதவில்லை. அப்போது தழும்பு கன்றித் தடித்திருந்தது, காம்புகள் மரத்துக் கிடந்தன, நானோ தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தேன். மூன்றையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் மூன்றுமே தப்பாகியிருக்கும்.

நான் முதலில் கேட்டுப் போனது கீஹோல் முறை. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் சின்ன அரைவட்ட வெட்டு, அதன் வழியாகவே திசுவை எடுத்துவிடுவார்கள், சட்டையைக் கழற்றினாலும் யாருக்கும் எதுவும் தெரியாது. தழும்பு என்றாலே எனக்குப் பயம். தழும்பு இருந்தால் அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும், கதை சொல்லிச் சொல்லி நான் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தேன்.

டாக்டர் அனுமதி கேட்டுவிட்டு மார்புத் தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டார். அது எவ்வளவு வேகமாகத் திரும்பி ஒட்டுகிறது என்று பார்த்தார். பிறகு காம்பு மார்பின் கீழ் மடிப்புக்கு மேலே நிற்கிறதா, கீழே இறங்கிவிட்டதா என்று அளந்தார். அப்புறம் கேட்டார்: "உள்ளே இருக்கறதை நான் எடுத்துடுவேன். மிச்சமாகற தோலை எங்கே கொண்டுபோய் வைக்கறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கீஹோலில் தோலை வெட்டி எடுப்பதில்லை, அது தானாகச் சுருங்கி ஒட்ட வேண்டும். மார்பு சிறியதாக, தோல் இறுக்கமாக இருப்பவர்களுக்குத்தான் அது சரிப்படும். எனக்கு இரண்டும் இல்லை. ஏழு வருடம் பைண்டருக்குள், அதாவது மார்பை அமுக்கித் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடைக்குள், அமுங்கிக் கிடந்த தோல் வேறு. 2008-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகர அறுவை மருத்துவர்கள் இதற்கென்று ஒரு தேர்வு வரைபடம் வெளியிட்டார்கள். அதுவும் மார்பின் அளவு, தோலின் மீள்தன்மை, காம்பின் இருப்பிடம் இவற்றை வைத்துத்தான் முறையைத் தீர்மானிக்கிறது. நம் ஆசைக்கு அதில் கட்டம் கிடையாது.

எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, டபுள் இன்சிஷன்: மார்புத் தசையின் கீழ் விளிம்பை ஒட்டி இரண்டு நீள வெட்டு, மிச்சத் தோலையும் எடுத்துவிட்டு, காம்பைத் தனியாகக் கழற்றிச் சிறிதாக்கிப் புது இடத்தில் ஒட்டுத்தோலாகத் தைப்பது. இன்னொன்று, தலைகீழ் டி முறை: காம்பை முழுக்கக் கழற்றாமல், நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள ஒரு திசுத் தண்டோடு சேர்த்து நகர்த்துவது. இதில் உணர்வு மிஞ்ச வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தத் தண்டு உள்ளேயே இருக்கும், அந்த அளவுக்கு மேடும் இருக்கும்.

இந்த இடத்தில்தான் மூன்று வாரம் தூக்கம் போனது. தழும்பைப் பற்றி அத்தனை மாதம் கவலைப்பட்டவன், உணர்வைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. ஒட்டுத்தோலாக வைத்த காம்பில் தொடுதல் ஓரளவு திரும்பலாம், பாலுணர்வு பெரும்பாலும் திரும்பாது என்று டாக்டர் மழுப்பாமல் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் இன்பம் என்று எதுவும் இருந்ததில்லை, யாராவது தொட்டால் உடம்பே சுருங்கிவிடும். அது போனால் போகட்டும், தட்டையாக இருந்தால் போதும் என்று டபுள் இன்சிஷனுக்கே கையெழுத்துப் போட்டேன்.

வலியை நான் பயந்த அளவுக்குப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் தொங்கிய இரண்டு வடிகுழாய்கள்தான் தொல்லை. தினமும் எவ்வளவு வடிந்தது என்று அக்கா அளந்து எழுதிவைப்பாள், அளவு நன்றாகக் குறைந்த பிறகுதான் எடுத்தார்கள். மல்லாந்தே தூங்கினேன். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கவில்லை. அறுவைக்கு ஒரு மாதம் முன்பே சிகரெட்டை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஒட்டிய காம்புக்கு முதல் சில நாள் சொந்த ரத்த ஓட்டமே கிடையாது, அடியில் உள்ள சதையிலிருந்து ஊறுவதை உறிஞ்சித்தான் பிழைக்கும், பிறகுதான் புதுக் குழாய்கள் முளைக்கும். அந்த நேரத்தில் ஒரு சிகரெட் எனக்குக் கொடுக்கும் நிம்மதியைவிடக் காம்புக்குச் செய்யும் கெடுதல் பெரிது.

ஒரு வாரம் கழித்துக் காம்பின் கட்டைப் பிரித்தார்கள். கரிக்கட்டை மாதிரி இருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்து அழுதேன். மேல்தோல்தான் கருத்துப் பொருக்காகியிருந்தது. இரண்டு வாரத்தில் அது உதிர்ந்து அடியில் இளஞ்சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. இப்படித்தான் இருக்கும் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மருத்துவமனைமேல் எனக்கு உள்ள ஒரே குறை அதுதான்.

இனி நான்கு வருடக் கணக்கு. தழும்புகள் முதல் ஆறு மாதம் மோசமாகிக்கொண்டே போயின. சுமார் ஒன்றரை வருடத்தில்தான் தணிந்து தட்டையாயின. புண் முழுக்க ஆறிய பிறகு பல மாதம் சிலிக்கோன் பட்டை ஒட்டினேன், வெயில் படாமல் பார்த்துக்கொண்டேன். என் நிறத் தோலில் தழும்பு கருத்துத்தான் நிற்கிறது, இன்னும் தெரிகிறது. இடது ஓரத்தில், அக்குளுக்குக் கீழே, தோல் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. டாக்டர்கள் இதை நாய்க்காது என்பார்கள். சின்னத் திருத்தத்தில் எடுத்துவிடலாம். எனக்கு மறுபடி ஊசியைப் பார்க்கும் எண்ணம் இல்லை.

உணர்வு விஷயத்தில் என் கணக்கு கொஞ்சம் பிசகியது. இரண்டாம் வருடம் முழுக்க மார்பில் மின்சாரம் சுண்டுவதுபோல ஏதாவது பாய்ந்துகொண்டே இருக்கும். இப்போது காம்பில் அழுத்தம் தெரிகிறது, குளிர் தெரிகிறது. தழும்புக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் மரத்தே இருக்கிறது, அங்கே அரித்தால் எங்கே சொறிவது என்று தெரியாது. தட்டையான பிறகுதான் யாராவது என் மார்பைத் தொட்டால் நான் சுருங்குவது நின்றது. அதாவது, தொடுவதை ரசிக்கக்கூடியவனாக நான் மாறிய நேரத்தில் அந்த இடத்தில் பாதி உணர்வு இல்லை. இந்த வேடிக்கையை யாரும் முன்னால் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். முறையை மாற்றியிருப்பேனா? மாட்டேன். ஆனால் அந்த மூன்று வாரத்தை ஆறு வாரமாக்கி இன்னும் நிதானமாக யோசித்திருப்பேன்.

என்னைவிடச் சிறிய மார்பு உள்ள நண்பன் ஒருவன் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டும் முறையில் செய்துகொண்டான். சுருக்குப்பை வாய் மாதிரி காம்பைச் சுற்றித் தோல் சுருங்கி, இரண்டு முறை திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. அந்த முறையில் திருத்தம் சகஜம்தான். உணர்வு அவனுக்கு அப்படியே இருக்கிறது. நான் அவன் காம்பைப் பார்த்துப் பொறாமைப்பட, அவன் என் மார்பின் தட்டையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான்.

ஆண் ஹார்மோன் எடுத்தால்தான் இந்த அறுவை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வராதீர்கள். திருநர் சிகிச்சைக்கு வழிகாட்டுதல் எழுதும் உலக அமைப்பான வ்பாத் (WPATH) 2022-ல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு, மார்பு அறுவைக்கு ஹார்மோனைக் கட்டாயம் ஆக்கவில்லை. இன்னொன்று: எந்த முறையானாலும் கொஞ்சம் மார்பகத் திசு உள்ளே தங்கும். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், அறுவைக்குப் பிறகும் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். நான் குளிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன்.

வலது காம்பில் பொட்டளவுக்கு நிறம் திரும்பவே இல்லை. பச்சை குத்திச் சரிசெய்யலாம் என்கிறார்கள். இரண்டு தடவை நேரம் குறித்தேன், இரண்டு தடவையும் போகவில்லை.